மதினியின் எண்ணெயும் மார்புப் படமும்

எனக்கு இடது மார்பில் புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசத் தொடங்கினார்கள். என் அண்ணன் மனைவி, அதாவது மதினி மட்டும் சத்தத்தைக் குறைக்கவில்லை. நோயையே நிற்கவைத்துத் திட்டுகிற ரகம் அவள்.

தென்காசியில் டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். கட்டியை எடுத்தபின் மீதியை வைத்து வடிவத்தைக் கொண்டுவர முடியுமா என்று முப்பரிமாணப் படத்தில் அளந்து பார்ப்பாராம். முடியாவிட்டால் முழுவதும் எடுப்பதுதான் வழி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு என் மார்பு வேண்டும்.

படம் எடுக்கும் நாள் காலையில் மதினி என்னைக் குற்றாலத்துக்கு இழுத்துப்போனாள். நல்ல சாரல் காலம். லாட்ஜ் அறையில் உச்சந்தலையிலிருந்து இடுப்புவரை நல்லெண்ணெயை அரக்கித் தேய்த்தாள். "கடைசியா ஒருதடவ ரெண்டு மாரும் சேந்து அருவியில நனையட்டும் ஏட்டி" என்றாள். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. சீயக்காயை வீட்டிலேயே மறந்துவிட்டு, "அருவியே போக்கிரும்" என்று சமாதானம் வேறு.

அருவியில் நனைந்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் பெரிய இயந்திரத்தை எதிர்பார்த்துப் போனால், பிள்ளைகள் வீடியோ கேம் விளையாடும் கேமராவை டேப்லெட்டில் மாட்டி வைத்திருந்தார்கள். பெரிய மெஷினுக்கு இங்கே வசதியில்லை, இதிலேயே அளவு வந்துவிடும் என்றாள் படமெடுக்கும் பெண். என்னை நிற்கவைத்துச் சுற்றி வந்தாள். திரையில் தோள் வந்தது, வயிறு வந்தது. மார்பு இருக்கவேண்டிய இடத்தில் பெரிய ஓட்டை.

அதற்குள் எடுத்துவிட்டார்களா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். இருந்தது.

"எண்ணெய் தேச்சியளாக்கா? ஒடம்பு மினுங்குனா கேமராவுக்குப் பிடிபடாது."

சோப்புப் போட்டுத் துடைத்தும் மினுமினுப்பு போகவில்லை. "ஒங்க எண்ணெயால எனக்கு மாரு போகப்போவுது மதினி!" என்று கத்தினேன். மதினி கைப்பையைத் திறந்து பவுடர் டப்பாவை எடுத்தாள். துட்டி கேட்கப் போகும் சாவு வீட்டுக்குக்கூட அது இல்லாமல் கிளம்பமாட்டாள். படமெடுக்கும் பெண் சிரித்துத் தலையாட்டியதும் மதினி என் கழுத்திலிருந்து வயிறுவரை அப்பினாள். முறுக்கு மாவில் விழுந்து எழுந்தவள் போல நின்றேன்.

இந்தமுறை திரையில் முழுசாக விழுந்தேன்.

டாக்டரம்மா என்னைத் திரையில் விரலால் சுழற்றிச் சுழற்றி அளந்தார். "கொஞ்சம் சின்னதாகும். பக்கத்துச் சதையை வச்சு நிரப்பிரலாம். முழுசா எடுக்க வேண்டாம்மா."

மதினி ஓவென்று அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு டாக்டரம்மாவிடம் கேட்டாள்: "அப்ப அடுத்த சாரலுக்கும் இவளுக்கு எண்ணெய் தேய்க்கலாம்லா?"

"சீயக்காயும் கொண்டு வாங்க மதினி" என்றேன் நான்.