ஆமாஞ்சாமி கேட்ட பாடம்

பட்டறையில் அவருக்கு வைத்த பெயர் ஆமாஞ்சாமி. யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவார். டீ குடிக்கப் போகலாமா என்றாலும் ஆட்டுவார், நீ ஒரு மடையன் என்றாலும் ஆட்டுவார். இந்த இரண்டாவதைப் பக்கத்து மெஷின்காரர் ஒருநாள் வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தார். ஆமாஞ்சாமி மலர்ந்த முகத்தோடு தலையாட்ட, பட்டறையே வயிறு குலுங்கச் சிரித்தது. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவரும் சேர்ந்து சிரித்தார். இப்படியும் ஒரு சாது உண்டா என்று பேசிக்கொண்டார்கள். ஒருத்தருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

விஷயம் இதுதான்: அவருக்குக் காது கேட்காது. முழுச் செவிடு இல்லை. வலது காது போயே போய்விட்டது. இடது காதில் பலத்த குரல் மட்டும் விழும், அதுவும் கிட்டத்தில் வந்து பேசினால். கல்யாணத்துக்கு முன்பிருந்தே டப்பா மூடி அடிக்கிற மெஷினில் நிற்கிறவர். தகரத்தின்மேல் அச்சு இறங்கும்போதெல்லாம் ஒரு சத்தம், காதைச் சேர்த்து அறைவதுபோல. காது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டது. மெஷினில் நிற்கிறவனுக்கு எச்சரிக்கை மணி கேட்டாக வேண்டும் என்பது பட்டறைச் சட்டம். தெரிந்தால் இறக்கிவிடுவார்களே என்று மூடி மறைத்தார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, பேசுகிறவர் வாயைப் பார்ப்பது, வாய் நின்றதும் தலையை ஆட்டுவது. "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று மட்டும் மறந்தும் கேட்கமாட்டார். கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மனைவிக்குக்கூடத் தெரியாது என்றால் நம்புவீர்களா? அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. அங்கே மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி, வீட்டிலும் அதே சுருதிதான். அவள் பேசுவதில் பாதி அவருக்குக் கேட்டுவிடும். கேட்காத மீதிக்கு அவளே ஒரு காரணம் வைத்திருந்தாள். "இந்த மனுஷன் எதையும் காதுல போட்டுக்கமாட்டாரு" என்பாள். அவர் அதற்கும் தலையாட்டுவார்.

ஒரே மகள். வீட்டில் பொடிசு என்று கூப்பிடுவார்கள். அவள் இரண்டாம் வகுப்புக்குப் போனபோது வகுப்பு டீச்சர் எல்லாப் பெற்றோரையும் வரச்சொன்னார். நல்ல டீச்சர். பிள்ளைகள் ஒவ்வொன்றின் வீட்டு நிலவரமும் விரல்நுனியில் வைத்திருப்பவர். பெற்றோர்கள் குட்டி நாற்காலிகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்க, அவர் சொன்னது இதுதான்: "சொல்லிக் குடுக்கறது என் வேலை. படிக்கறது பிள்ளைங்க வேலை. தினமும் பக்கத்துல உக்காந்து காது குடுத்துக் கேக்கறது உங்க வேலை. தப்பு கண்டுபிடிக்கக்கூட வேண்டாம். பிள்ளை எங்கயாவது திணறினா எனக்கு வந்து சொல்லுங்க, அது போதும்."

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஆமாஞ்சாமி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். டீச்சருக்கு மனசு நிறைந்துவிட்டது. கைபேசியை நோண்டிக்கொண்டிருந்த மற்ற அப்பாக்களிடம், அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லியேவிட்டார். அதுவும் அவர் காதில் விழவில்லை.

கூட வந்திருந்த மனைவிதான் டீச்சர் சொன்னதை வீட்டில் தன் சுருதியில் எடுத்துச் சொன்னாள். அவளுக்குச் சாயங்கால ஷிப்ட். அதனால் கேட்கிற வேலை அவர் தலையில் விழுந்தது. ஊரில் எத்தனையோ வேலை இருக்க, அவருக்கென்று இது வந்து வாய்த்தது பாருங்கள். ஆனால் மனிதர் பயப்படவில்லை, சந்தோஷப்பட்டார். பட்டறையிலிருந்து வந்து கைகால் கழுவி, பாயை விரித்து, பொடிசைத் தன் இடப்பக்கம் உட்காரவைத்துக்கொள்வார். அந்த வயதுப் பிள்ளைகள் வகுப்பில் கூட்டமாகக் கத்திப் படித்துப் பழகியவை. அவளும் தொண்டை கிழியப் படிப்பாள். மரம், மாடு, மழை என்று ஒன்றிரண்டு வார்த்தை அவர் காதுக்குள் வந்து சேரும். மகள் குரல் கேட்கிறது என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. நாளெல்லாம் வாய்களைப் பார்த்துப் பார்த்து அலுத்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று காது நன்றாக இருக்கிற நமக்குப் புரியாது.

அப்போதுதான் டீச்சர் மனைவியிடம் ஒன்று சொல்லியனுப்பினார். பொடிசு வகுப்பில் படிக்கும்போது கத்துகிறாள், பக்கத்துப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள், வீட்டில் மெதுவாகப் படிக்கப் பழக்குங்கள் என்று. அன்றைக்கு மனைவி மகளைக் கேட்டாள், உங்கப்பா பக்கத்தில்தானே இருக்கிறார், எதற்கு இந்தக் கத்தல் என்று. பொடிசு அப்பாவைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. "மெதுவாப் படி, கண்ணு" என்றார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்ததெல்லாம் உதடுகள்தான். பாடங்கள் நீண்டன, எழுத்துகள் சிறுத்தன. பொடிசு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உதட்டை அசைப்பாள். உதடு நின்றதும் அவர் "சபாஷ், அடுத்த பக்கம்" என்பார். கொஞ்ச நாளில் அவள் புத்தகத்தையே பார்ப்பதில்லை. அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசினாள். பாடம் முழுக்க மனப்பாடம் போலிருக்கிறது என்று ஆமாஞ்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறையில் போய்ப் பீற்றிக்கொண்டார். ஒருநாள் சொல்லிக்கொண்டே வந்தவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. அவர் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்து, "சபாஷ்" என்றார்.

பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் டீச்சர் இரண்டு பேரையும் கூப்பிட்டனுப்பினார். மனைவி ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தாள். பள்ளி விட்டு வகுப்பு காலியாக இருந்தது. பொடிசு கரும்பலகைக்குப் பக்கத்தில் பையை மாட்டியபடியே நின்றாள். குழந்தை மனம் நோகக்கூடாது என்று டீச்சர் குரலைத் தாழ்த்திப் பேசினார். அந்த நல்ல மனசுதான் ஆமாஞ்சாமிக்கு வினையாகிவிட்டது. அங்கே நடந்த பேச்சு பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. நாம் இப்போதே தெரிந்துகொள்வோம்.

பொடிசுக்குப் படிக்க வரவில்லை. எழுத்து கூட்டவே வரவில்லை. ஆரம்பத்துச் சின்னப் பாடங்களைக் காதால் கேட்டு மனப்பாடமாகக் கத்தியிருக்கிறாள். பாடம் நீண்டதும், கூட்டத்தோடு படிக்கும்போது பக்கத்துப் பிள்ளைகளின் வாயைப் பார்த்துத் தானும் வாயசைத்து ஓட்டியிருக்கிறாள். தனியாக நிறுத்திப் படிக்கச் சொன்னபோதுதான் வெளிப்பட்டது. பெரிய வகுப்பு, இத்தனை நாள் கண்ணில் படாமல் போனது தன் தப்புதான் என்று டீச்சர் ஒப்புக்கொண்டார். ஆனாலும் வீட்டில் தினமும் கேட்கிறார்களே, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக்கூடாதா என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"படிக்க வரலைன்னு வீட்டுல சொல்லியிருக்கலாம் இல்லம்மா?"

"சொன்னேன் டீச்சர். அப்பாகிட்ட தினமும் சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"எனக்கு வரலப்பா, எழுத்தெல்லாம் கொழம்புது, டீச்சர்கிட்ட சொல்லுங்கப்பான்னு சொன்னேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"சபாஷ்னாரு."

டீச்சர் திரும்பி அவரைப் பார்த்தார். தன்னிடம் ஏதோ கேட்கிறார்கள் என்று புரிந்தது. ஆமாஞ்சாமி மலர்ந்த முகத்தோடு தலையாட்டினார்.

மனைவிக்கு ரத்தம் கொதித்தது. அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். தாழ்ந்த குரலில் பேச அவளுக்கு எப்போதுமே வராது. "வரலைன்னு பிள்ளை உங்ககிட்ட தினமும் சொல்லியிருக்கா. நீங்க சபாஷ்னு சொன்னீங்களாமே" என்று கத்தினாள்.

அது கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

அவர் மகளைப் பார்த்தார். அந்தச் சாயங்காலங்கள் எல்லாம் வரிசையாக வந்து கண் முன்னால் நின்றன. முகத்தைப் பார்த்துப் பார்த்து அசைந்த உதடு, பிடித்துவிட்டு விடாத கை. "எனக்குக் காது கேக்காது, டீச்சர்" என்றார். வாழ்நாளில் முதல் தடவையாகச் சொன்னதால் எவ்வளவு குரலில் சொல்வது என்று தெரியவில்லை. கத்தலாக வந்தது. "ரொம்ப நாளாவே கேக்காது."

மனைவியின் கை அவர் தோளிலிருந்து கீழே இறங்கியது. இத்தனை வருஷமும் காதில் போட்டுக்கொள்ளாத மனுஷன் என்று திட்டியதெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மெதுவாகப் படிக்கப் பழக்கச் சொன்னது நான்தானே என்று டீச்சர் மேஜையைப் பார்த்தபடி சொன்னார். பொடிசு மட்டும் அழவில்லை. அப்பாவை யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதன்பின் நடக்க வேண்டியதெல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பள்ளி விட்டதும் டீச்சர் பொடிசைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து எழுத்து கூட்டச் சொல்லிக் கொடுத்தார். காலையில் அடுப்படியில் மனைவி படிக்கச் சொல்லிக் கேட்டாள். எங்கே திணறினாள் என்று டீச்சரிடம் போய்ச் சொன்னாள். ஆமாஞ்சாமி மேஸ்திரியிடம் உண்மையைச் சொல்ல, மெஷினிலிருந்து இறக்கி மூடிகளைப் பெட்டியில் அடுக்கும் இடத்தில் விட்டார்கள். அவர் அதற்காகக் கவலைப்படவில்லை. மகள் தெருவில் கடைப் பலகைகளைப் பார்த்து உதட்டை அசைக்கத் தொடங்கியிருந்தாள். படிக்கிறாள் என்று தெரிந்தது. அவருக்கு வேண்டியது அதுதான்.

ஆனால் சாயங்காலம் அவர் பாயை விரித்தால் அவள் புத்தகத்தைக் கொண்டுவருவதில்லை. வீட்டுப்பாடம் முடிந்ததா என்றால் தலையாட்டுவாள். வகுப்பில் ஏதாவது கஷ்டமா என்றால், இல்லை என்று ஆட்டுவாள். பசிக்கிறதா என்றால் வயிற்றைத் தொட்டுக் காட்டுவாள். அப்பாவிடம் பேசிப் பயனில்லை என்று பிள்ளை முடிவு செய்துவிட்டது. கோபமாக இருந்தால் சமாதானம் செய்யலாம். கோபமும் இல்லை.

ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முகம் வாடியிருந்தது. குனிந்தபடியே ஏதோ சொன்னாள், உதடு அசைந்ததை அவர் பார்த்துவிட்டார். எழுந்து ஓடிவந்து மண்டியிட்டு, இடது காதை அவள் வாயருகில் கொண்டுபோனார்.

"எனக்குக் கேக்கல, கண்ணு" என்றார். "இன்னொரு தடவை சொல்லு."

பொடிசு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு முகத்தை மலர்த்திக்கொண்டு தலையாட்டினாள். பட்டறையில் அவர் ஆட்டுவாரே, அச்சு அசலாக அதேமாதிரி. ஒன்றுமில்லை என்று கையை விரித்துக் காட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் காதைச் சாய்த்தபடி அந்தப் படியிலேயே மண்டியிட்டிருந்தார்.