கல்யாண நாளில் நான் ஊட்டிய லட்டு

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மண்டபமும் விருந்தும் வேண்டாம், நோயாளிக் குழந்தைகளுக்கு இனிப்பு கொடுத்தால் புண்ணியம் என்று நான்தான் கணவரிடம் பிடிவாதம் பிடித்தேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பாடாலூரிலிருந்து ஒரு தூக்கு நிறைய லட்டுடன் பெரம்பலூரில் உள்ள ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் காலையிலேயே போய்விட்டோம்.

வார்டில் நுழைந்ததும், ஓரக் கட்டிலில் தனியாக இருந்த நாலு வயதுப் பெண் கையை நீட்டி, "பசிக்குது" என்றாள். விசேஷ நாளில் இனிப்பைக் கையால் ஊட்டிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு முழு லட்டையும் பிட்டுப் பிட்டு ஊட்டினேன். கணவர் போட்டோ எடுத்தார்.

குழாயடிக்குப் போயிருந்த அவள் அம்மா திரும்பி வந்து, குழந்தையின் வாயைப் பார்த்ததும் அலறிவிட்டார். "ஐயோ, என்னக்கா பண்ணிட்டீங்க! பத்து மணிக்கு ஆபரேஷன்க்கா. தண்ணி கூட குடுக்காம வச்சிருந்தேன்."

ஓடிவந்த நர்ஸ், இந்த வயிற்றோடு மயக்க மருந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்றார். அம்மா பார்த்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபடியே லட்டுத் தூக்கை மூடிவைத்தேன். ஆபரேஷனை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "திரும்பவும் இவளப் பட்டினி போடணுமேக்கா" என்று மட்டும் சொல்லி அழுதார்.

இப்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு எதைக் கொண்டுபோனாலும் நர்ஸிடம் கொடுத்துவிட்டு வார்டுக்குள் நுழையாமலே திரும்பிவிடுகிறேன். அந்தப் போட்டோவை மட்டும் அழிக்கவில்லை. அதில் அந்தக் குழந்தை, வாய் நிறைய லட்டுடன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.