விற்காத வீடுகளின் விலை

கடற்கரைப் பக்கத்து எங்கள் வீடிருந்த வளவை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தது போர் முடிந்த மறு ஆண்டில். சுனாமிக்குப் பிறகு அங்கே எஞ்சியிருந்தவை அத்திவாரமும் கிணறும் மட்டுமே. நாங்கள் வாவிப் பக்கத்தில், அக்காவுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்த வீட்டின் பின்னறையில் இருந்தோம். எங்கள் ஊரில் வீடு மகளுக்குத்தான் போகும். அந்த முறைப்படி கடற்கரை வளவு எனக்குரியது. அதை விற்றால் வாவிப் பக்கத்தில் ஒரு சிறு துண்டு நிலம் வாங்கலாம்; விற்காவிட்டால் நான் வாழப்போகும் வீட்டை அந்த அத்திவாரத்தின் மேலேதான் கட்டவேண்டும். அப்போது நான் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். என் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்பா பொறுத்திருக்கவேண்டும் என்றார். அம்மாவின் அண்ணனான மாமா, உடனே விற்கவேண்டும் என்றார்.

"பாதை திறந்திற்று. வெளியூர்க்காரனெல்லாம் ஹோட்டல் கட்ட இடம் தேடுறான். இப்ப வித்தா நாமதான் மடையர்."

"ஹோட்டல் கட்டுறவன் உங்கட ஒழுங்கைக்குள்ளயா வரப்போறான், மச்சான்? அலை அடிச்ச இடத்தில ஆரு காசு போடுவான்?"

"அப்ப கேட்டு வந்தவன் ஆரு, மடையனா?"

"அவனுக்கு அது விளங்குறதுக்கு முதல் குடுத்திருங்க."

அப்பாவிடம் சான்றுகள் இருந்தன. எங்கள் வளவு இருந்த அந்தக் குறுகிய ஒழுங்கையில் மீளக் கட்டிய ஒவ்வொரு வீட்டின் பெறுமதியையும் அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். முகப்பு வீடு, தையல்காரர் வீடு, ஆசிரியர் வீடு என்று ஆண்டு வரிசையில் சொல்லிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தொகையும் முந்தியதைவிடப் பெரிதாக இருந்தது. கேட்பதற்கு மறுக்கமுடியாத வாதம்தான். ஆனால் வாங்கியவர்கள் யார் என்பது அதில் வரவேயில்லை.

"முகப்பு வீட்டை ஆரு வாங்கினது, அப்பா?"

"வாங்கினதா? அது மூத்த மகளுக்குக் குடுத்தது."

"தையல்காரர்ர வீடு?"

"அதுவும் மகளுக்குத்தான்."

மூன்றாவதை நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. குசினி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டார்.

"அதெல்லாம் கலியாணப் பேச்சில சொன்ன விலை, புள்ள. மாப்பிள்ளைப் பகுதி கேக்கக்குள்ள குறைச்சா சொல்லுவாங்க?"

அந்த ஒழுங்கையில் எவரும் வீடு விற்றதில்லை. ஒரு வீட்டின் விலை, மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில், மரியாதையைக் கருதி ஒரே ஒரு முறை சொல்லப்படும். அந்தத் தொகைகளை அடுக்கிவைத்துத்தான் அப்பா நில விலை ஏறுகிறது என்று கண்டார். மாமாவின் பக்கமும் வலுவானதல்ல. அவர் அறிந்த ஒரே விற்பனை, போர்க்காலத்தில் ஊரின் வேறொரு பக்கத்தில் ஒரு குடும்பம் வெளிநாடு போகும் அவசரத்தில் கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு கொடுத்தது.

"அப்ப உண்மையான விலைதான் என்ன?" என்று அப்பா கேட்டார்.

வளவின் உறுதிப் பத்திரம் அம்மாவின் பெயரில் இருந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என்னைப் பார்த்தார்.

"விலை ஏறட்டும், இறங்கட்டும். வீடு கட்டித் தந்தா நீ அங்க இருப்பியா?"

"கடல் சத்தம் கேட்டா எனக்கு நித்திரை வாறல்ல, அம்மா."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே," என்றார் அப்பா.

"நீங்க கேட்டீங்களா?" என்றார் அம்மா.

வந்தவருக்கே வளவு போயிற்று. அந்தப் பணத்தில் வாவியோரம் எனக்கொரு துண்டு வாங்கினோம். கடற்கரையில் இருந்ததன் பாதியளவுகூட இல்லை.

சில மாதங்களின் பின் அயலில் ஒரு கலியாணப் பேச்சு. தேநீர் கொடுக்க நான் போயிருந்தேன்; அப்பாவையும் அழைத்திருந்தார்கள். பெண்ணின் தாய்மாமன் வீட்டின் பெறுமதியைச் சொன்னபோது மாப்பிள்ளைப் பகுதியினர் தயங்கினர். உடனே அவர் அப்பாவின் பக்கம் கையை நீட்டினார்.

"இவங்கட வெறும் வளவே, அதுவும் கடற்கரையில, என்ன விலைக்குப் போனதெண்டு கேட்டுப் பாருங்க." பிறகு அவரே ஒரு தொகையைச் சொன்னார். நாங்கள் பெற்றதைவிட அது கணிசமாகக் கூடியது.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் தேநீரை ஒரு மிடறு குடித்தார்.

"ஓம்," என்றார். "இப்ப இன்னும் ஏறியிருக்கும்."