கேபிளைப் பிடுங்கிய அக்கா

தொண்ணூறுகளில் பினாங்கு மருத்துவமனை ஒன்றின் ரத்த வங்கியில் வேலை பார்த்தேன். எங்கள் கணினியையும் ஆபரேஷன் தியேட்டர் கணினியையும் சேர்த்து நடத்தும் மென்பொருளை அமைக்க, கெலுகோரிலிருந்து ஓர் அக்கா வந்தார். ஒல்லி உருவம், நரைத்த கிராப்பு. ஒரு ரத்தப் பையை ஒதுக்கினால் இரண்டிலும் பதிவாக வேண்டும். இல்லையென்றால் இரண்டிலும் ரத்தாக வேண்டும். அதைச் சோதிக்க, பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு கணினிகளையும் இணைக்கும் கேபிளைப் பிடுங்குவார். நாற்பதாவது தடவை, ஒரே பை இரண்டு நோயாளிகள் பெயரில் நின்றது.

"ஒரு தடவைதானே அக்கா, சோதனைத் தாள்ல கையெழுத்துப் போடுங்க லா. நாளைக்குத் திறப்பு விழா," என்றார் மேலாளர்.

"அந்த ஒரு தடவைக்கு யாரைப் படுக்க வைக்கப் போறீங்க தம்பி?"

விழா ஒரு வாரம் தள்ளிப்போனது. அவர் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்த அந்தத் தாளில், சோதனைக்கு முந்தின நாளே 'சரிபார்த்தேன்' என்று நான் போட்ட கையெழுத்து இருந்தது. அதை அவர் பார்த்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன்.