தேய்ந்த பிரேக் பட்டன்

பரணைச் சுத்தம் செய்தபோது அந்த ஜாய்ஸ்டிக் கையில் கிடைத்தது. வேகப் பட்டன் இன்னும் புதிதுபோல் இருக்கிறது. பிரேக் பட்டன் மட்டும் வழுவழுவென்று தேய்ந்துவிட்டது. பந்தய விளையாட்டில் பிரேக் பட்டனைத் தேய்த்த ஒரே மனிதர் என் தங்கை வீட்டுக்காரராகத்தான் இருப்பார். பார்த்ததும் பழைய எரிச்சல் அப்படியே கிளம்பியது.

மாப்பிள்ளைக்கும் எனக்கும் ஒரே வயது. கும்மிடிப்பூண்டியில் ஒரே இரும்பு ஆலையில் வேலை. அவர் கூரைக்கடியில் ஓடும் கிரேனுக்கு ஆபரேட்டர். நான் கீழே கம்பிக் கட்டுகளுக்குச் சங்கிலி மாட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பொன்னேரியில் அவர் வீட்டில் விளையாடுவோம். டிவி நாங்கள் சீராகக் கொடுத்தது. கேம் பெட்டி அவர் எங்கோ பழசாக வாங்கி வந்தது. அந்த மாடல் அப்போதே கடைகளில் கிடையாது. இருந்தது ஒரே ஒரு சிடி. வருங்காலத்து நகரங்களில் சக்கரமே இல்லாத வண்டிகள் தரையைத் தொடாமல் மிதந்து பறக்கும். ஆறு பந்தயத்திலும் முதலாவதாக வந்தால் கோப்பை, ஒன்றில் தோற்றாலும் மறுபடி முதலிலிருந்து. ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் கார்டு தொலைந்துபோயிருந்ததால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். நடுவில் கரண்டு போனால் எல்லாம் போச்சு. டிவி அண்ணனுடையது, பெட்டி இவருடையது, ஆகவே ஆளுக்கொரு பந்தயம் என்று தங்கை தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அந்தக் கோப்பையை ஒருமுறையாவது திரையில் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

அவருக்கு ஓட்டத் தெரியாது என்றால்கூட மனசு ஆறும். மிதக்கிற வண்டி வளைவில் தன்பாட்டுக்கு ஒதுங்கும். நான் சுவரில் இடித்து இடித்துச் சாவேன். தொங்குகிற பாரத்தின் ஆட்டத்தை அடக்கிப் பழகிய கை அவருடையது, வண்டி அசையாமல் போகும். ஆனால் முதல் நாளே, "இதுல ஹாரன் எங்க மச்சான் கீது?" என்று கேட்டார். பாதை பார்வையாளர் கூட்டத்துக்கு மேலே போகிற இடம் வந்தால் போதும், பிரேக் போட்டுவிடுவார். ஆலையிலும் அப்படித்தான். கீழே ஓர் ஆள் நின்றாலும் சைரனை அடித்துவிட்டு, அவன் விலகும்வரை பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார். சூப்பர்வைசர் தொண்டை கிழியக் கத்தினாலும் நகர மாட்டார். சரி, அது வேலை. இது பொம்மைதானே? வாய்விட்டுத் திட்டவும் வழியில்லை, பெண் கொடுத்த வீடு.

ஒரு ஞாயிறு ஐந்து பந்தயம் ஜெயித்துவிட்டோம். தன் முறை வந்த இரண்டிலும் நின்று நின்றே அவர் ஜெயித்தது எப்படி என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. கரண்டும் போகவில்லை. ஆறாவது அவருடையது.

"மாப்ளே, இத்த மட்டும் நான் ஓட்றேனே" என்று கெஞ்சினேன்.

"என் டர்ன் மச்சான் இது" என்றார்.

கடைசிச் சுற்றுவரை அவர்தான் முதல். எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குச் சற்று முன்னால், பாதைக்கு நேர் கீழே, கடுகு கடுகாக ஜனங்கள். அவர் விரல் பிரேக்குக்குப் போனது. மூன்று வண்டிகள் எங்களைத் தாண்டிப் போயின.

"அதெல்லாம் பொம்மை மாப்ளே! செத்தா பூடுவான்?" என்று என்னையும் மீறிக் கத்திவிட்டேன்.

சமையலறையிலிருந்து தங்கை எட்டிப் பார்த்தாள். "இன்னாண்ணா, அவராண்ட கத்திக்கினு கீற?"

அவர் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தார். "பொம்மைன்னு எனக்குத் தெரியுது மச்சான். கைக்குத் தெர்ல."

அடுத்த ஞாயிறு நான் பொன்னேரிப் பக்கமே போகவில்லை. அதற்குப் பிறகு ஐந்து பந்தயம் தாண்டவே இல்லை, கடைசியில் பெட்டியும் கெட்டுப்போனது. போன வருடம் அவர் ஒடிசாவில் ஓர் ஆலைக்குக் குடும்பத்தோடு போனபோது, வேண்டாத சாமான்களை என் பரணில் ஏற்றிவிட்டுப் போனார்.

இப்போது கிரேனில் புது ஆபரேட்டர். படு சுறுசுறுப்பு, சூப்பர்வைசருக்குச் செல்லப் பிள்ளை. நேற்றுக் குனிந்து சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தேன். தரை திடீரென்று இருண்டது. நிமிர்ந்தால் ஒரு கம்பிக் கட்டு என் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது. சைரன் இல்லை, ஒன்றும் இல்லை. இப்படி நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தே கழுத்து பிடித்துக்கொண்டுவிட்டது, தினமும் தைலம் தேய்க்கிறேன்.

அந்த ஜாய்ஸ்டிக்கைத் துடைத்து டிவி பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஆறாவது பந்தயத்தைத் தோற்றதற்கு அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் மேலே உட்கார்ந்திருந்த எட்டு வருடத்தில் ஒரு நாள்கூட நான் அண்ணாந்து பார்த்ததில்லை.