மேட்டிலிருந்து ஓட்டிய மோட்டார்

எங்கள் வீடு மேட்டில், தோட்டம் பள்ளத்தில். நடுவில் கொக்கோ மரங்கள் நிற்கிற ஒரு திட்டு. வீட்டு முன்விறாந்தையில் நின்று பார்த்தால் அந்தத் திட்டுதான் தெரியும், தோட்டம் தெரியாது. யட்டவத்தவிலிருந்து உள்ளே போகிற பாதையில் இந்தக் காணியை வாங்கியபோது, தோட்டம் எட்ட இருந்தால் என்ன, நடந்தால் உடம்புக்கு நல்லதுதானே என்று மனைவியிடம் சொன்னவன் நான்தான்.

கீழே கிணறு, கிணற்றடியில் மோட்டார், அதிலிருந்து சொட்டுக் குழாய்கள், குழாய் நெடுகக் கொச்சிக்காய், அதாவது மிளகாய்ச் செடிகள். காலையில் ஒருவர் இறங்கிப் போய் மோட்டாரைப் போட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இறங்கி நிறுத்த வேண்டும். இரண்டு பேரும் மாறி மாறிச் செய்வதாகத்தான் பேச்சு. செய்தது மனைவி. நான் மாத்தளை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளன். வெள்ளைச் சட்டையோடு பஸ் ஏற வேண்டியவன், அட்டை கடித்த இரத்தத்தோடு நீதவான் முன்னால் நிற்க முடியாது என்பது என் வாதம். அட்டை காலில் கடிக்கும், சட்டையில் கடிக்காது என்பது அவள் வாதம். அவளும் வேலைக்குப் போகிறவள்தான். இரத்தோட்டையில் பள்ளிக்கூடம், என்னுடையதைவிட முந்திய பஸ்.

ஆகவே ரிமோட் வாங்கினேன். மனைவியின் கஷ்டத்தைக் குறைக்க வாங்குவதாக எல்லாரிடமும் சொன்னேன். அவளிடமும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

நாலந்தாப் பக்கத்தில் தண்ணீர் மோட்டார் விற்கிற ஒருவர் இந்தச் சாமானைக் கொண்டுவந்து பூட்டித் தருவார் என்று கேள்விப்பட்டேன். மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி, கையில் ஒரு ரிமோட். கம்பி எதுவும் கிடையாது. பச்சைப் பொத்தானை அமுக்கினால் மோட்டார் ஓடும், சிவப்பை அமுக்கினால் நிற்கும். இதைப் பக்கத்துத் தோட்டத்து முஸ்லிம் அண்ணனிடம், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவரிடம், சொன்னேன். அவருக்கு மாத்தளை டவுனில் மிளகு, ஏலம் வாங்கி விற்கிற கடை. வீடு எங்களைப் போல மேட்டில் இல்லை, கீழே அவருடைய கத்தரித் தோட்டத்தோடு ஒட்டியே இருக்கிறது. ஆனாலும் அவருக்கு முழங்கால் வலி. "எனக்கும் ஒண்டு சொல்லுங்க சேர்" என்றார். மோட்டார்க் கடைக்காரர் ஒரே நாளில் வந்து, ஒரே பெட்டியிலிருந்து இரண்டை எடுத்து, இரண்டு பேருக்கும் பூட்டிவிட்டுப் போனார்.

மோட்டாருக்குப் பக்கத்தில் நின்று அமுக்கிப் பார்த்தேன், ஓடியது. மறுநாள் காலை விறாந்தையில் ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பை, மறு கையில் ரிமோட். பச்சையை அமுக்கினேன். ரிமோட்டில் ஒரு சின்ன லைட் எரிந்தது. தோட்டம் தெரியாது, மோட்டார் சத்தம் கேட்காது, ஆனால் லைட் எரிந்தது. தேத்தண்ணி குடித்து, குளித்து, சட்டை போட்டு, புறப்படும்போது சிவப்பை அமுக்கினேன். சாயங்காலம் இறங்கிப் போய்ப் பார்த்தால் செடியடி எல்லாம் ஈரம்.

"பாத்தியா" என்றேன் மனைவியிடம்.

"ஈரமாத்தான் இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு கீழே இறங்குவது எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலையாகிவிட்டது. அதுவும் யாராவது உறவுக்காரர் வந்தால்தான். கூட்டிப் போய், மோட்டாருக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, ரிமோட்டைச் சட்டைப் பையிலிருந்து மெதுவாக எடுத்து, அமுக்கிக் காட்டுவேன். மச்சான் ஒருவர் கைதட்டினார். காய்ப்பும் நன்றாக இருந்தது. மனைவி மாலையில் போய்ப் பறித்து வருவாள். ஒவ்வொரு கூடையும் என் விரல் நுனியில் காய்த்தது போலத்தான் எனக்குத் தோன்றியது.

கமக்கார அமைப்பில், அதாவது ஊர் விவசாயிகள் சங்கக் கூட்டத்தில், இதைப் பற்றிக் கொஞ்சம் பேச முடியுமா என்று விவசாயப் போதனாசிரியை கேட்டார். சிங்களப் பெண்மணி, மரியாதையாகக் கேட்டார். மொழிபெயர்ப்பாளனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியில் உள்ளவர்களுக்குத் தெரியாது. பகல் முழுக்க மற்றவர்கள் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன். திருடன் "நான் எடுக்கவில்லை" என்றால் நானும் "நான் எடுக்கவில்லை" என்கிறேன். என் சொந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை. அன்றைக்குச் சிங்களத்தில் பேசி, பிறகு என்னையே நான் தமிழில் மொழிபெயர்த்தேன். தமிழில் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன்.

யாரோ ஒருவர், நடுவில் மேடு இருந்தால் ரிமோட் வேலை செய்யுமா என்று கேட்டார்.

"அலைக்கு மேடும் தெரியாது, பள்ளமும் தெரியாது" என்றேன். இதை நான் எங்கேயும் படித்ததில்லை. வாயில் வந்தது, கேட்க நன்றாக இருந்தது. முன்வரிசையில் இருந்த நானா தலையை ஆட்டினார்.

கொஞ்ச நாளில் நானாவும் அவருடைய மனைவியும் மக்காவுக்கு உம்ரா யாத்திரை புறப்பட்டார்கள். கத்தரி முடிந்துவிட்டது, நிலத்தைக் காயப் போட்டுவிட்டுப் போகிறேன் என்று வந்து சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்காகவும் துஆ கேட்கச் சொன்னேன். அதே வாரம் மனைவியின் தங்கைக்கு இரத்தோட்டையில் பிள்ளை பிறந்தது. மனைவி அங்கே தங்கிப் பள்ளிக்கூடம் போய் வர ஆரம்பித்தாள். போகும்போது சொன்னாள், "ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது கீழ போய்ப் பாருங்க."

"எதுக்கு?"

"செடிய பாக்கத்தான்."

நான் போகவில்லை. காலையில் பச்சை, புறப்படும்போது சிவப்பு. போனில் கேட்டால் "எல்லாம் சரியா நடக்குது" என்பேன். அந்த நாட்களில் மழை ஒரு துளி கிடையாது. நல்ல வெயில், ஆனால் நமக்குத்தான் ரிமோட் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் போதனாசிரியை மறுபடி போன் பண்ணினார். உள்ளூர் விவசாயிகள் சிலரைக் கூட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்தைப் பார்க்க வரலாமா என்றார். தாராளமாக வாங்க என்றேன். சனிக்கிழமை காலை வந்தார்கள். விறாந்தையில் உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, பிஸ்கட் கொடுத்து, பிறகு எழுந்து நின்றேன். ரிமோட்டைத் திட்டுப் பக்கம் நீட்டிப் பச்சையை அமுக்கினேன். லைட் எரிந்தது.

"இந்த நேரம் கீழே தண்ணி பாய்ந்துகொண்டிருக்கிறது" என்றேன், இரண்டு மொழியிலும்.

எல்லாரும் வரிசையாக இறங்கினோம். கொக்கோத் திட்டைத் தாண்டித் திரும்பியதும் எனக்கு முதலில் வழி மாறிவிட்டதோ என்றுதான் தோன்றியது. கொச்சிக்காய்ச் செடிகள் எல்லாம் தலையைத் தொங்கப் போட்டு நின்றன. இலைகள் சுருண்டிருந்தன. மண் வெடித்திருந்தது. மோட்டார் சும்மா இருந்தது. அதன் மேல் ஒரு ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

போதனாசிரியை குனிந்து ஒரு செடியைத் தொட்டுப் பார்த்தார். நான் மோட்டாருக்குக் கிட்டப் போய் ரிமோட்டை அமுக்கினேன். மோட்டார் உடனே ஓடியது. ஓணான் பாய்ந்தது.

"பாத்தீங்களா, வேலை செய்யுது" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

வந்தவர்களில் ஒரு அம்மா சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார், "இவ்வளவு தூரம் நடந்து வந்துதான் அமுக்க வேண்டும் என்றால், சுவிட்சையே போட்டுவிடலாமே மாத்தயா." இதைத் தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கு மொழிபெயர்க்க வேண்டியவன் நான். மொழிபெயர்த்தேன். வேலைப் பழக்கம்.

அவர்கள் போன பிறகு பற்றரி மாற்றினேன். விறாந்தையில் கதிரை போட்டு ஏறி நின்று அமுக்கினேன். தண்ணீர்த் தாங்கியின் மேல் ஏறியும் அமுக்கினேன். ஒவ்வொரு தடவையும் லைட் எரிந்தது, ஒவ்வொரு தடவையும் ஓடி இறங்கிப் பார்த்தால் மோட்டார் ஓடவில்லை. லைட் எரிந்தால் ரிமோட்டில் பற்றரி இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனால் இத்தனை மாதமும் ஈரமாக இருந்த மண்? அதுதான் புரியவில்லை. நான் கண்ணால் பார்த்த ஈரம். சாமான் பழுதாகிவிட்டது என்று முடிவு பண்ணினேன்.

மனைவியிடம் சொல்லவில்லை. வெள்ளைச் சட்டையை வீட்டில் வைத்துவிட்டு, இடுப்பில் பழைய சாரத்தோடு தினமும் காலையில் இறங்கி மோட்டாரைப் போட்டேன், மறுபடி இறங்கி நிறுத்தினேன். காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டும், வெயிலிலும் காயாத கொக்கோச் சருகிலிருந்து அட்டை ஏறியது. நீதிமன்றத்தில் ஒரு நாள் சாட்சி பேசிக்கொண்டிருக்கும்போது மேசைக்குக் கீழே என் கால் அரிப்பைத் தாங்க முடியாமல் "கனம் நீதவான் அவர்களே" என்பதற்கு முன்னால் ஒரு முனகல் வந்துவிட்டது. செடிகளில் பாதிக்கு மேல் பிழைத்தன. மற்றவை போய்விட்டன.

தங்கையையும் பிள்ளையையும் விட்டு மனைவி திரும்பி வந்தாள். பை வைக்கும் முன்பே கீழே போய்ப் பார்த்தாள். மேலே வந்து, என் காலைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். சவர்க்காரம் இல்லை, உப்பும் தேங்காய் எண்ணெயும்தான் பூச வேண்டும் என்றாள். அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. எத்தனை வருஷம் அவள் பூசிக்கொண்டு போயிருக்கிறாள் என்பது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

நானா வந்து சேர்ந்த மறுநாள் காலை நான் கிணற்றடியில் குந்தியிருந்தேன். மோட்டாரை இன்னும் போடவில்லை. குழாய் மூட்டு ஒன்று கழன்றிருந்தது. அதைக் கையில் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மோட்டார் தானாக உறுமியது. குழாயிலிருந்து தண்ணீர் நேரே என் முகத்தில் அடித்தது. கண்ணாடி எங்கேயோ விழுந்தது. தடவி எடுத்துப் போட்டுப் பார்த்தால், வேலிக்கு அந்தப் பக்கம் நானா, தலையில் தொப்பி, கையில் ரிமோட். அவருடைய மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன சேர், காலங்காத்தால குளிக்கிறீங்களா?"

"நானா, இப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"

"ஒண்டும் செய்யல்லயே. நாத்து வைக்கோணும், நெலத்த நனைக்க மோட்டார போட்டேன்."

"நிப்பாட்டுங்க."

சிவப்பை அமுக்கினார். இரண்டு மோட்டாரும் நின்றன.

"திரும்பப் போடுங்க."

இரண்டும் ஓடின. அவர் தன் கையிலிருந்த ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் என்னுடையதை எடுத்துச் சிவப்பை அமுக்கினேன். என் மோட்டார் நின்றது, அவருடையதும் நின்றது. "சுப்ஹானல்லாஹ்" என்றார் மெதுவாக.

கடைக்காரர் இரண்டு பெட்டிக்கும் தனித்தனிக் குறியீடு வைக்க மறந்திருக்கிறார். திட்டு மறைக்காததால் நானாவின் ரிமோட் இரண்டு மோட்டாரையும் எட்டியது. மேட்டிலிருந்து என்னுடையது ஒன்றையும் எட்டவில்லை. அவர் விடிகாலைச் சுபஹு தொழுதுவிட்டு அமுக்குவார், நான் தேத்தண்ணிக் கோப்பையோடு அமுக்குவேன். தண்ணீர் பாய்ச்சியது அவர், பெருமைப்பட்டது நான்.

நானா வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடித்ததும் அவர் பக்கத்துக் கதை வெளியே வந்தது. "என்ட மோட்டார் ஞாயித்துக்கிழமைல தானா ஓடுது சேர். யாரும் இல்ல, கிட்ட போனா ஓடிட்டு ஈக்கு. ஊட்டுல பயந்துட்டாங்க. நான் ஓதின தண்ணி கூட தெளிச்சேன்."

ஞாயிற்றுக்கிழமை. என் மச்சான் கைதட்டியதும் அந்த நாட்களில்தான். அவர் வீட்டில் பயந்துபோய் ஓதியதற்குக் காரணம் ஜின் இல்லை, சட்டைப் பையில் ரிமோட் வைத்திருந்த நீதிமன்ற ஊழியர் ஒருவர். சொன்னேன். அவர் மறுபடி வேலியைப் பிடித்தார்.

"அப்ப இந்தப் போகத்துக் கொச்சிக்கா எல்லாம் என்ட விவசாயமா?"

"அப்படித்தான் நானா."

"நல்லாத்தான் வெளஞ்சீக்கு" என்றார், தன் வேலையைத் தானே பார்த்துத் திருப்திப்படுகிறவர் போல.

ஈரத்தோடு மேலே ஏறி மனைவியிடம் சொன்னேன். அவள் படியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. வெகு நேரம் கழித்து, "கூட்டத்துல அலையப் பத்தி என்னமோ சொன்னீங்களே" என்றாள்.

"அத விடு."

"இல்ல, தமிழ்ல ஒரு தடவ சொல்லுங்க."

போதனாசிரியைக்கும் போனில் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டார், சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு போனிலேயே தெரிந்தது. அடுத்த கூட்டத்தில் இதையும் சொல்லுங்கள், வாங்கப் போகிறவர்களுக்கு அதுதான் பிரயோசனம் என்றார். சொன்னேன். நானாவை மேடைக்குக் கூப்பிட்டு இரண்டு பேருமாகச் சொன்னோம். அவர் பேசியபோதுதான் கூட்டம் அதிகம் சிரித்தது. நான் அவரைச் சிங்களத்தில் மொழிபெயர்த்தேன், ஒரு சொல்லும் கூட்டாமல்.

கடைக்காரர் வந்து, வெட்கப்பட்டு, குறியீடுகளைப் பிரித்துக் கொடுத்தார். கொக்கோத் திட்டின் உச்சியில் ஒரு கம்பம் நட்டு, அதில் அலையை வாங்கிக் கீழே அனுப்புகிற ஒரு பெட்டியையும் கட்டினார். இனி விறாந்தையிலிருந்தே ஓடும் என்றார். நான் தலையை ஆட்டினேன், நம்பவில்லை.

மறுநாள் காலை கோப்பை இல்லாமல் ரிமோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு விறாந்தையில் நின்றேன். மனைவி கையில் போனோடு கீழே இறங்கிப் போயிருந்தாள். அது அவளுடைய யோசனை. அன்றைக்கு அவளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை. போன் அடித்தது.

"அமுக்குங்க."

அமுக்கினேன். லைட் எரிந்திருக்கும், நான் அதைப் பார்க்கவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஓடுது" என்றாள்.

"நல்லாப் பாரு. நானா கையில ரிமோட் இருக்கா?"

"அவர் கடைக்குப் போயிட்டாரு. அவர்ட வேன் போறத நான் பாத்தேன்."

"உண்மையாவா?"

"தண்ணி என் கால்ல வந்துட்டுது. நம்பலைன்னா எறங்கி வாங்க" என்றாள்.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.