சிவப்புக் கிற்றாரில் ஒரு சந்தனக் கறை

அக்காவின் கிற்றாரில் ஒரு சந்தனக் கறை இருக்கிறது. சிவப்பு வார்னிஷ் பூசிய உடம்பில், கம்பிகளுக்குக் கீழே, கம்பியின் அதிர்வைப் பிடித்து வயருக்கு அனுப்புகிற வெள்ளிநிறத் துண்டின் ஓரமாக, காய்ந்து வெளிறிப்போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் துளி குங்குமமும் உண்டு. ஈரத் துணியால் ஒருமுறை துடைத்தால் போய்விடும். நல்ல பிள்ளையாக நான் அப்படித் துணியோடு போனபோது, "தம்பி, கையை எடு" என்றாள். வகுப்பில் கணக்குப் பிழைவிடும் பிள்ளைகளிடம் அவள் பேசும் அதே குரல். கையை எடுத்துவிட்டேன்.

எங்கள் வீடு அளவெட்டியில். கோயில்களில் கொடியேறத் தொடங்கினால் எங்கள் வீட்டு ஆண்கள் வீட்டில் நிற்பதில்லை. பெரியண்ணை நாதஸ்வரம். அவர் தோடி வாசிக்கிறார் என்றால் சுவாமி வீதி சுற்றி முடிந்த பிறகும் சனம் கலையாது. எனக்குத் தவில் பழக்கினார்கள். நான் பழகினேனோ இல்லையோ, அயல் வீட்டார் பொறுமையைப் பழகிக்கொண்டார்கள். கடைசியில் நான் சுன்னாகத்தில் ஓர் உரக்கடையில் வேலைக்குச் சேர்ந்ததில் எல்லாருக்கும் நிம்மதி. வீட்டில் உண்மையான காது அக்காவுடையது. பெரியண்ணை முன்னறையில் சாதகம் பண்ணும்போது எங்காவது ஒரு சுரம் கொஞ்சம் வழுக்கினால் குசினியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றுவிடும். திரும்ப அந்த இடம் சரியாக வந்தால்தான் துருவல் தொடரும். பெரியண்ணைக்கும் அது தெரியும். ஆனாலும் நாதஸ்வரக் குழலை அவளிடம் யாரும் நீட்டியதில்லை. வேண்டாம் என்று சொன்னதும் இல்லை. அப்படி ஒரு எண்ணமே எங்களில் எவருக்கும் வந்ததில்லை.

நவராத்திரியில் சரஸ்வதி பூசைக்கு வெள்ளைத்துணி தோய்த்து, கஞ்சி போட்டு, மடிப்பு விழாமல் விரிப்பவள் அவள்தான். அதன்மேல் நாதஸ்வரம், தாளம், வருடம் முழுக்கத் தூசி பிடித்துக் கிடந்த என் தவில், எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசி வைப்பாள். அவளுக்கென்று வைக்க ஒன்றும் இல்லை. படிப்பிக்கும் புத்தகங்களை ஓரமாக வைப்பாள், அவ்வளவுதான்.

அவள் வேலை செய்யும் பள்ளிக்கூடம் மிஷன் காலத்துக் கட்டடம். அங்கே சங்கீத அறையில் ஒரு பழைய மரக் கிற்றார் கிடந்திருக்கிறது. பாடமில்லாத நேரங்களில் அதை எடுத்துத் தானாகவே தட்டித் தடவிப் பழகியிருக்கிறாள். வருடக்கணக்காக எங்களுக்கு இது தெரியாது. ஒருநாள் மத்தியானம் எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது தானாகவே சொன்னாள்.

"அந்த மரக் கிற்றாரிலை சத்தம் பிறந்த உடனை செத்துப்போகுது. இராகத்தை இழுக்கேலாமல் கிடக்கு. எனக்கு மூச்சு வேணும்."

பெரியண்ணை சிரித்தார். "கம்பிக்கு எங்காலை மூச்சு? மூச்சு வேணுமெண்டால் குழலெல்லோ ஊதவேணும்."

"குழலை எனக்கு ஆர் தந்தது, அண்ணை?"

கோபமாகக் கேட்கவில்லை. நேரம் என்ன என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். பெரியண்ணை இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி கேட்டு வாங்கினார். பிறகு வேறு கதை தொடங்கிவிட்டது. அதன்பிறகு கொஞ்ச நாளில், தான் மின்சாரக் கிற்றார் ஒன்றுக்குக் கொழும்பில் சொல்லிவிட்டதாக என்னிடம் மட்டும் இரகசியமாகச் சொன்னாள். "அதிலை ஒரு சுரத்தைத் தட்டிவிட்டால் அது நிக்குமாம், தம்பி. மின்சாரத்திட்டை மூச்சு இருக்கு." அப்போது அவளுடைய முகத்தில் இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. அவளுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

கிற்றார் வந்து சேர்ந்தது சரியாகச் சரஸ்வதி பூசை அன்று காலை. அக்காவின் கணவர், எங்கள் அத்தான், பஸ்ஸில் வந்த பெட்டியை இறக்கி மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார். அவர் கோயில்களுக்கும் விழாக்களுக்கும் ஒலிபெருக்கி பூட்டுகிறவர். மின்சாரம் சம்பந்தப்பட்ட எதையும் குழந்தையைத் தூக்குவதுபோலத்தான் தூக்குவார். பெட்டியைத் திறந்ததும் புது வார்னிஷ் மணம் வீட்டையே நிறைத்தது. கிற்றார் என்றால் வயிற்றில் ஓட்டையோடு இருக்கும் என்று நினைத்திருந்த எங்களுக்கு முதல் ஏமாற்றம், இதில் ஓட்டையே இல்லை. முழுப் பலகை. தூக்கினால் கையைக் கீழே இழுக்கும் பாரம். கம்பிகளோ தையல் நூல் மாதிரி மெல்லிசு. "உது என்ன, மேசைப் பலகையோ?" என்றார் பெரியண்ணை. அக்கா அதன் கழுத்தை மேலிருந்து கீழாக ஒரு தடவை தடவினாள்.

பூசைக்கு நேரமாகிவிட்டது. "இதையும் வைக்கட்டோ?" என்று கேட்டாள். "வாத்தியமெண்டால் முதல் சத்தம் வரவேணும். வரட்டும், பிறகு பாப்பம்" என்று பெரியண்ணை சொல்லி முடிப்பதற்குள், அவருடைய மனைவி, எங்கள் மச்சாள், அதைத் தூக்கி வெள்ளைத்துணியின் மூலையில் வைத்துவிட்டா. "பிள்ளை ஆசைப்பட்டு வாங்கினது, கிடக்கட்டுமன்." வைத்ததோடு விடவில்லை. கையில் சந்தனக் கிண்ணம். தலையில் ஒன்று, கம்பி முறுக்கும் ஒவ்வொரு திருகிலும் ஒன்று, கம்பிகளுக்கு மேலாக அந்த வெள்ளித் துண்டுகளில் தாராளமாக ஒரு அப்பு. பிறகு மஞ்சள் தண்ணீரும் தெளித்தா. அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

வைத்தாயிற்று. இனி விஜயதசமி வரை தொடக்கூடாது. எங்கள் வீட்டில் அதற்கு விலக்கே கிடையாது. அக்கா இவ்வளவு காலம் மற்றவர்களின் வாத்தியங்களைத்தான் அந்தத் துணியில் வைத்தாள். முதன்முறையாக ஒன்று அவளுடையது, அதையும் தொட முடியாது. போகும்போதும் வரும்போதும் வாசலில் நின்று பார்ப்பாள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

விஜயதசமி காலை, பூசை முடிந்து பெரியண்ணை முதலில் வாசித்தார். நான் தவிலில் சம்பிரதாயத்துக்கு ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஒதுங்கினேன். அடுத்து அக்கா. எங்கள் வழக்கப்படி நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து கிற்றாரை மடியில் வைத்தாள். அது வழுக்கிக்கொண்டு போனது. பிடித்து நிமிர்த்தி, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கம்பியைத் தட்டினாள்.

நுளம்பு பறந்த சத்தம்கூட அதைவிடப் பெரிது. காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. "கரண்ட் ஏறேல்லையோ?" என்றா மச்சாள். சத்தத்தைப் பெருக்கும் பெட்டி கொழும்பிலிருந்து தனியாக அடுத்த கிழமைதான் வரும் என்று அக்கா மெல்லச் சொன்னாள். அதுவரை பொறுக்க அவளால் முடியவில்லை, அதனால்தான் அன்றே தட்டிப் பார்த்தாள். வந்திருந்த உறவுகள் சிரிப்பை மறைக்க வாயைப் பொத்தின. பெரியண்ணை பொத்தவில்லை. "நான் சொன்னனான்தானே? உதுக்கு மூச்சே இல்லை, பிள்ளை." அக்கா தலையைக் குனிந்து கம்பியில் ஒட்டியிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது அத்தான் எழுந்தார். ஒரு நாளைக்கு நாலு சொல் பேசுகிற மனிசன். பக்கத்து வளவில் வாசிகசாலை. அங்கே அன்று வாணி விழா. இவருடைய ஒலிபெருக்கிகள்தான் வேப்பமரத்தில் கட்டியிருந்தன. "வாரும், அங்கை பூட்டுவம்" என்றார்.

"அங்கை எண்டால் ஊருக்கே கேக்குமப்பா."

"கேக்கட்டுமன்."

வீட்டில் பிழை விட்டால் உறவுகள் மட்டும் சிரிக்கும். அங்கே பிழை விட்டால் அடுத்த வெங்காயத் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுகிறவன்வரை சிரிப்பான். அக்கா கிற்றாரைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஒரு கதிரையைக் கேட்டு வாங்கி அதில் உட்கார்ந்தாள். நிலத்தில் இருக்கும் வழக்கத்தை அந்த வாத்தியத்துக்காக அப்போதே விட்டுவிட்டாள்.

அத்தான் வயரைச் செருகியதும் மரத்திலிருந்து பயங்கரமான ஓர் இரைச்சல். காகங்கள் எழும்பிப் பறந்தன. ஏடு தொடக்க வந்த பிள்ளைகள் வீரிட்டன. அரிசியில் எழுத்து எழுதிக்கொண்டிருந்த ஐயர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா திடுக்கிட்டு உள்ளங்கையைக் கம்பிகளின்மேல் வைத்தாள். இரைச்சல் அடங்கியது. கையை எடுத்தாள், திரும்ப இரைந்தது. வைத்தாள், அடங்கியது. அப்போதுதான் சிரித்தாள். அது தன் கைக்குக் கட்டுப்படுகிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

பிறகு ஒரு சுரம் தட்டினாள். அது நின்றது. சாகவில்லை. வாசிகசாலை முற்றத்தைத் தாண்டி, வேலிகளைத் தாண்டி, அப்படியே நின்றது. அவள் அது முடிகிறவரை தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு தோடியைத் தொட்டாள். வேறு எவ்வளவோ இராகம் இருக்க, பெரியண்ணையின் தோடியா! காந்தாரச் சுரத்துக்கு வந்தபோது கம்பியை விரலால் ஒரு பக்கமாக இழுத்து அசைத்தாள், இழுவை பத்தவில்லை. பிழை. ஒலிபெருக்கியில் விட்ட பிழைக்கு அளவெட்டியில் ஒளிக்க இடமில்லை. திரும்பிப் பார்த்தேன். பெரியண்ணை வேலியைப் பிடித்தபடி நின்றார்.

அக்கா நிறுத்தினாள். குசினியில் துருவலை நிறுத்துவதுபோலத்தான். திரும்ப அதே இடத்துக்கு வந்தாள். இந்த முறை கம்பி நன்றாக வளைந்தது; காந்தாரம் தன் இடத்தில் ஏறி, அசைந்து, குழலிலிருந்து வருவதுபோலவே ஒரே மூச்சில் இறங்கியது. யாரோ "ஆகா!" என்றார்கள். அது நான்தான் என்று பிறகு சொன்னார்கள்.

பெரியண்ணை வேலியைச் சுற்றி வந்து கதிரைக்கு முன்னால் நின்றார். முகத்தில் சிரிப்பில்லை. "அந்தக் காந்தாரத்தை இன்னொருக்கா இழு."

இழுத்தாள்.

"ஓம்" என்றார். வீட்டுக்குப் போய் நாதஸ்வரத்தோடு திரும்பி வந்தார். நாதஸ்வரத்தின் சுருதி யாருக்காகவும் மாறாது. அக்காதான் திருகுகளை முறுக்கி அவருடைய சுருதிக்குப் போனாள். ஆனால் அன்று தோடியைத் தொடங்கியவள் அவள். அவள் விட்ட இடத்திலிருந்து அவர் எடுத்தார். விழாவுக்கு வந்த தலைவருடைய பேச்சை யாரும் கேட்கவில்லை. ஊர் செய்த புண்ணியம்.

இந்த வருடமும் சரஸ்வதி பூசை வந்தது. அக்கா துணியை விரித்தாள். வாத்தியங்களைப் பெரியண்ணை தானே அடுக்கினார். நடுவில் தன் நாதஸ்வரம், அதற்குப் பக்கத்தில் சிவப்புக் கிற்றார். என் தவிலைப் பார்த்து, "உது அந்த மூலையிலை கிடக்கட்டும்" என்றார். நான் மனப்பூர்வமாக உருட்டிக்கொண்டு போய் வைத்தேன். மச்சாள் சந்தனக் கிண்ணத்தோடு குனிந்தா.

"உங்கை வையாதையும்! கம்பி கறள் பிடிச்சிடும். சத்தம் பிடிக்கிற இடமப்பா அது" என்று பெரியண்ணை பதறினார்.

மச்சாள் விரலை அந்தரத்தில் நிறுத்தி அக்காவைப் பார்த்தா. அக்கா பழைய கறையைத் தொட்டுக் காட்டினாள்.

"இல்லை மச்சாள், நீங்கள் முதல் வைச்ச அதிலையே வையுங்கோ. அதாலை ஒரு பிழையும் வராது."